பட்டியல் தராத போதகர்

1940-ஆம் ஆண்டின் கடைசி. பிரான்சின் நடுத்தெற்கில், சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்து மேட்டுநிலத்தில் இருக்கும் லெ ஷாம்போன் கிராமம் பனியில் புதைந்து கிடந்தது. போதகர் வீட்டு அடுப்பில் விறகு வைத்துக்கொண்டிருந்தார் அவர் மனைவி மக்தா. யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், தலையில் ஒரு சால்வை, காலில் பனிக்குச் சற்றும் பொருந்தாத செருப்பு, உடம்பெல்லாம் நடுக்கத்தோடு ஒரு பெண். ஜெர்மனியிலிருந்து தப்பி வந்த யூதப் பெண். உள்ளே வரலாமா என்று கேட்டார். அதற்கென்ன, வாருங்கள் என்றார் மக்தா.

சாப்பாடு போட்டு, நனைந்த செருப்பைக் காயட்டும் என்று அடுப்போரம் வைத்தார். பேச்சு சுவாரசியத்தில் மறந்துபோனார். செருப்பு தீய்ந்துவிட்டது! போர்க்காலம், தோல் பொருள்கள் எல்லாம் ரேஷன். மாற்றுச் செருப்புக்கு ஊர் முழுக்க அலைய வேண்டியதாயிற்று. அந்தப் பெண்ணுக்கு ஏதாவது அடையாளக் காகிதம் வாங்கித் தரலாம் என்று ஊர் மேயரிடமும் போனார். உடனே அவளை வெளியே அனுப்பிவிடுங்கள், ஊருக்கே ஆபத்து என்று பதில் வந்தது. இனி அரசு அலுவலகத்தில் கேட்டு நல்லது செய்ய முடியாது என்பது மக்தாவுக்கு அன்று புரிந்தது.

1933-இன் ஜெர்மனியைப் பாருங்கள். யூத வம்சத்தில் பிறந்தவர்கள் சபைப் பணியில் இருக்கக் கூடாது என்ற விதியை, நாஜிகளின் பழுப்புச் சீருடையிலேயே மன்றத்துக்கு வந்த சபைப் பிரதிநிதிகள் கைதூக்கி நிறைவேற்றிய கதை அது. அவர்களும் வேதம் படித்தவர்கள்தாம்; ஞாயிறு தவறாமல் ஆராதனை நடத்தியவர்கள்தாம். அதே வேதத்தைக் கையில் வைத்திருந்த இன்னொரு சபை, ஏழு ஆண்டு கழித்து வேறு பக்கம் நின்றது. எப்படி?

போதகர் ஆந்த்ரே த்ரோக்மே 1901-இல் வட பிரான்சின் சேன்-கான்தேன் நகரில் பிறந்தவர். முதல் உலகப் போரில் அந்த ஊர் ஜெர்மானியர் பிடியில் இருந்தது. பதின்வயதுப் பையனாக அவர் சந்தித்த ஒரு ஜெர்மன் சிப்பாய், தந்திப் பிரிவில் வேலை செய்தவன், துப்பாக்கி ஏந்துவதில்லை என்று சொல்லியிருக்கிறான். கிறிஸ்துவைப் பின்பற்றுகிறவன் கொல்ல மாட்டான் என்பது அவன் கட்சி. எதிரிப் படையிலிருந்து வந்த அந்தப் பாடம் த்ரோக்மேயை விடவே இல்லை. போர் மறுப்பாளர் என்பதால் சீர்திருத்தச் சபைத் தலைமைக்கு அவர்மேல் அவ்வளவு பிரியம் கிடையாது. 1934-இல் மலை மேலிருந்த லெ ஷாம்போனுக்கு வந்து சேர்ந்தார். 1938-இல் சக போதகர் எதுவார் தெய்ஸோடு சேர்ந்து செவெனோல் பள்ளியைத் தொடங்கினார்.

அந்த மலைமக்களுக்கும் ஒரு பழைய நினைவு உண்டு. 1685-இல் பிரெஞ்சு அரசர் பதினான்காம் லூயி, புராட்டஸ்டன்டுகளுக்கு வழிபாட்டு உரிமை தந்திருந்த நான்த் ஆணையை ரத்து செய்தார். அதன்பிறகு நூறு ஆண்டுக் காலம் ஹியூகெனோக்கள் எனப்பட்ட அந்தச் சபையார் காட்டிலும் குகையிலும் மறைந்து ஆராதித்தார்கள். மரி துய்ரான் என்ற பெண், தன் விசுவாசத்தை மறுதலிக்க மறுத்ததற்காக 1730 முதல் 1768 வரை, 38 ஆண்டுகள், தென்கடலோரக் கோபுரச் சிறையில் கிடந்தார். பாட்டிமார் அடுப்படியில் சொல்லிவந்த கதைகள் இவை. கதவைத் தட்டி ஒளிய இடம் கேட்பவர் யார் என்று அந்த வீடுகளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

1940 ஜூன் 22-இல் பிரான்ஸ் ஜெர்மனியோடு போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. த்ரோக்மேயும் தெய்ஸும் பிரசங்க பீடத்திலிருந்து சொன்னதன் சாரம் இது: நற்செய்திக்கு மாறான கட்டளை வந்தால் எதிர்ப்போம்; பயமில்லாமல் எதிர்ப்போம்; பகைமையில்லாமலும் எதிர்ப்போம்; ஆயுதம் ஆவியின் ஆயுதமாக மட்டுமே இருக்கும்.

பிரசங்கம் செய்வது எளிது. சோதனை வந்தபோது அது பூதம்போல் வரவில்லை. அரசாங்கக் காகிதமாக வந்தது. தோல்விக்குப் பின் ஜெர்மனியோடு ஒத்துப்போன மார்ஷல் பெத்தானின் விஷி அரசு முதலில் கேட்டவை சின்னச் சின்ன விஷயங்கள். கொடிக்கு வணக்கம் வையுங்கள். தலைவருக்கு விசுவாசமாக இருப்பதாக ஆசிரியர்கள் கையெழுத்துப் போடுங்கள். 1941 கோடையில் அரசின் விழா ஒன்றுக்கு ஆலய மணியை அடியுங்கள். இதிலென்ன, ஒரு மணிதானே என்று யாருக்கும் தோன்றும்.

நம் தென்மாவட்டச் சபைகளில் கோயில்பிள்ளை என்போமே, அந்த வேலையைப் பார்த்துவந்தவர் அமெலி என்ற எளிய பெண். த்ரோக்மே அவரிடம் மணி அடிக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார். குறித்த நேரத்தில் மணி கேட்கவில்லை. கோடைக்கு வந்து தங்கியிருந்த சில சீமாட்டிகள் ஆலயத்துக்கே வந்து, அடித்தாக வேண்டும் என்று அதட்டினார்கள். இந்த மணி மார்ஷலுடையது அல்ல, கடவுளுடையது. அவருக்காக மட்டுமே அடிக்கும் என்று சொல்லி, வாசலை மறித்து நின்றுகொண்டார் அமெலி. மழை பிடித்தது. அவர் நகரவில்லை, வந்தவர்கள் நனைந்துகொண்டு திரும்பினார்கள்.

மணிக்கு இல்லை என்று சொல்லப் பழகிய ஊருக்கு, அடுத்த ஆண்டு பெரிய கேள்வி வந்தபோது நாக்கு குழறவில்லை. 1942 ஜூலை 16, 17 தேதிகளில் பாரிசில் சுமார் 13,000 யூதர்களைப் பிரெஞ்சுப் போலீசே வளைத்துப் பிடித்தது. பலர் குழந்தை குட்டிகளோடு சைக்கிள் பந்தய அரங்கம் ஒன்றில் அடைக்கப்பட்டார்கள். ஆகஸ்டில் விஷி அரசின் இளைஞர் நலத் தலைவர் ஜார்ஜ் லமிரான் லெ ஷாம்போனுக்கு வந்தார். செவெனோல் பள்ளியின் மூத்த மாணவர்கள் அவர் கையில் ஒரு கடிதத்தைக் கொடுத்தார்கள். பாரிசில் நடந்தது எங்களுக்குத் தெரியும். எங்களோடு யூத மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பிடிக்க ஆணை வந்தால் கீழ்ப்படிய வேண்டாம் என்றுதான் சொல்வோம், முடிந்தவரை ஒளித்துவைப்போம் என்பது அதன் சாரம். லமிரான் இது தன் துறை இல்லை என்று நழுவினார். உடன் வந்திருந்த மாவட்ட ஆட்சியர் பாக், போதகர்மேல் பாய்ந்தார். யூதர் யாரென்று தெரியாது, மனிதர்களை மட்டுமே எங்களுக்குத் தெரியும் என்றார் த்ரோக்மே.

இரண்டு வாரத்தில் போலீஸ் பேருந்துகள் வந்து நின்றன. ஊரில் ஒளிந்திருக்கும் யூதர்களின் பட்டியல் வேண்டும் என்று போதகரிடம் கேட்டார்கள். அவர்கள் பெயர்கள் எனக்குத் தெரியாது என்றார். தெரிந்தாலும் தர மாட்டேன், மேய்ப்பன் ஆடுகளைக் காப்பவன் என்றார். அன்றிரவே செய்தி பண்ணை பண்ணையாகப் போனது. விருந்தாளிகள் காட்டுக்குள் மறைந்தார்கள். மூன்று வாரம் சல்லடை போட்டுத் தேடியும் பேருந்துகள் ஏறத்தாழ வெறுமையாகவே திரும்பின. பிடிபட்ட ஒருவர் பேருந்தில் தனியாக உட்கார்ந்திருந்தபோது, போதகரின் மகன் ழான்-பியேர் தன்னிடமிருந்த கடைசிச் சாக்லேட் துண்டைக் கொண்டுபோய் அவரிடம் நீட்டினான். பார்த்துக்கொண்டிருந்த ஊரார் ஒவ்வொருவராகத் தின்பண்டத்தோடு வந்தார்கள்.

1943 பிப்ரவரி 13 மாலை, த்ரோக்மேயைக் கைது செய்ய போலீசார் வீட்டுக்கே வந்தனர். அவர் இன்னும் திரும்பவில்லை. சாப்பாட்டு நேரம் என்பதால், உட்காருங்கள், சாப்பிடுங்கள் என்று மக்தா வந்தவர்களுக்கும் தட்டு வைத்தார். கணவனைப் பிடிக்க வந்தவனுக்குச் சோறா என்று பின்னாளில் பலர் கேட்டார்கள். சாப்பாட்டு வேளையில் வந்தவரை வேறெப்படி நடத்துவது என்பதுதான் அவருக்குத் தோன்றிய பதில். பகைமையில்லாமல் என்ற அந்தப் பிரசங்கச் சொல்லுக்கு இதைவிட நல்ல உரை எழுத முடியாது.

த்ரோக்மே, தெய்ஸ், ஊர்ப் பள்ளித் தலைமையாசிரியர் தார்சிசாக் மூவரும் லிமோழ் அருகே ஒரு முகாமில் அடைக்கப்பட்டார்கள். சில வாரங்களில் விடுதலை ஆணை வந்தது. மார்ஷலின் கட்டளைகளுக்குக் கீழ்ப்படிவதாக ஒரு கையெழுத்து மட்டும் போதும் என்றார்கள். போதகர்கள் இருவரும் மறுத்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போய் வழக்கம்போல் வேலையைப் பார்ப்பதுதானே கெட்டிக்காரத்தனம்? பொய்க் கையெழுத்து போட முடியாது என்றார் த்ரோக்மே. மறுநாள் கையெழுத்தில்லாமலே வெளியே விட்டார்கள்.

ஆனால், அந்த ஊரில் பொய்யே நடக்கவில்லை என்று எழுதினால் அதுதான் பொய். போலி அடையாள அட்டைகளும் போலி ரேஷன் அட்டைகளும் இல்லாமல் ஓர் ஆளைக்கூடக் காப்பாற்றியிருக்க முடியாது. ஆஸ்கார் ரோசோவ்ஸ்கி என்ற யூத இளைஞர் ஒரு பண்ணை வீட்டிலிருந்தே அவற்றைத் தயாரித்தார். சத்தியத்தை விடாத போதகருக்கும் மக்தாவுக்கும் இது நெஞ்சில் முள்ளாகவே இருந்தது. நன்மையைத் தேர்ந்தவர்கள் கை கறைபடாமல் இருந்தார்கள் என்பதில்லை. கறையைக் கறை என்றே அறிந்திருந்தார்கள்.

விலையும் கொடுத்தார்கள். 1943 ஜூன் 29-இல் கெஸ்டாப்போ ஒரு மாணவர் விடுதியில் புகுந்து 18 மாணவர்களைப் பிடித்தது. அவர்களில் யூதர் என்று கண்ட ஐவர் ஆஷ்விட்சில் மாண்டார்கள். விடுதிப் பொறுப்பாளர் தனியேல் த்ரோக்மே, போதகரின் உறவினர், அந்நேரம் வேறோர் இடத்தில் இருந்தார், தப்பியிருக்கலாம். தன் பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்று திரும்பி வந்தார். 1944 ஏப்ரலில் மைதானெக் முகாமில் இறந்தார். ஊர் மருத்துவர் ரோஜே லெ ஃபொரஸ்தியே அதே ஆண்டு ஆகஸ்டில் லியோன் அருகே சுட்டுக் கொல்லப்பட்டார்.

தலைமை என்றால் என்ன என்று சபைகளில் இன்றும் பேசுகிறோம். ஆயர் தேர்தல், சொத்து, நாற்காலி என்று அந்தப் பேச்சு எங்கெங்கோ போகிறது. லெ ஷாம்போனில் தலைமை என்பது, முதல் ஆளாக இல்லை என்று சொல்லி, மற்றவர்களுக்கு அந்தச் சொல்லை எளிதாக்கியதுதான். போதகர் சிறையில் இருந்த நாட்களிலும், பிறகு தலைமறைவாக இருந்த மாதங்களிலும் ஒரு கதவும் மூடிக்கொள்ளவில்லை. 1990-இல் இஸ்ரேலின் யாத் வஷேம் நினைவகம் அந்த ஊர் முழுவதற்கும், சுற்றியிருந்த கிராமங்களுக்கும் சேர்த்தே மரியாதை செய்தது.

அந்த மேட்டுநிலம் காப்பாற்றியவர்கள் சுமார் 5,000 பேர், அவர்களில் யூதர்கள் 3,000-க்கு மேல் என்று மதிப்பிடுகிறார்கள். மதிப்பீடுதான். முழுப் பட்டியல் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.