பண்டிதர் என்றால் வைத்தியர்

போன மாதம் எங்கள் தெருவில் நடக்கும் மாலை வகுப்பில் அயோத்திதாசரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பூர்வ பௌத்தம், தமிழன் இதழ், 1891 தீர்மானங்கள் என்று வழக்கமான வரிசையில் போய்க்கொண்டிருந்தது. பிளஸ் டூ படிக்கும் ஒரு தங்கை எழுந்து, "எல்லாம் சரிக்கா, சோத்துக்கு அவரு என்ன செஞ்சாரு?" என்று கேட்டாள். சிரிப்பு எழுந்தது. ஆனால் எங்களில் யாருக்கும் உடனே பதில் வரவில்லை. சமூகவியல் படித்தவர்கள், பத்து வருடமாகக் களத்தில் நிற்பவர்கள் நாங்கள். அவருடைய கொள்கையைப் பேசுகிறோம், தொழிலைப் பேசுவதில்லை. அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

அவர் வைத்தியர். சித்த வைத்தியர். பெயருக்குப் பின்னால் நிற்கும் 'பண்டிதர்' என்ற சொல்லை நாம் புலமைப் பட்டமாக மட்டுமே வாசிக்கிறோம். ஊர்ப் பேச்சில் பண்டுவம் பார்ப்பது என்றால் வைத்தியம் பார்ப்பது. பண்டிதர் என்றால் வைத்தியர். பல ஊர்களில் இன்றும் முடிதிருத்தும் சமூகத்து மக்களைப் பண்டிதர் என்றும் மருத்துவர் என்றும் அழைக்கிறார்கள். கட்டி கீறுவதும் புண் கட்டுவதும் அவர்கள் கைவேலையாக இருந்தது, அவர்கள் வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள். வைத்தியம் என்பது அக்கிரகாரத்தில் மட்டும் இருந்த வித்தை அல்ல என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

1845 மே 20 அன்று பிறந்தபோது வீட்டில் வைத்த பெயர் காத்தவராயன். கழுவேற்றப்பட்டுத் தெய்வமான அதே காத்தவராயன் பெயர்தான். வல்லக்காளத்தி அயோத்திதாச கவிராச பண்டிதர் என்ற ஆசிரியரிடம் படித்து, அவர் மீதிருந்த மரியாதையில் அவர் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டார். தாத்தா கந்தப்பன், ஹாரிங்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரியிடம் பட்லராக இருந்தவர். அந்தத் தாத்தா வீட்டில் இருந்த திருக்குறள் ஏடுதான் ஹாரிங்டன் மூலமாக எல்லிஸ் துரையின் கைக்குப் போனது என்று அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். இந்தச் செய்தியைக் குறள் பதிப்பு வரலாற்றுக்காகத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். எங்களுக்கு அதில் வேறொன்று தெரிகிறது. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட ஒரு குடும்பத்தில் ஏடுகள் இருந்திருக்கின்றன, அவற்றை வாசிக்கத் தெரிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். குறள் ஏடு இருந்த வீட்டில் ஒருவர் வைத்தியரானதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

இனி வைத்தியத்தின் உள்ளே போவோம். சித்த வைத்தியத்தில் நாடி பார்க்காமல் நோய் கணிப்பது கிடையாது. வாதம், பித்தம், கபம் மூன்றையும் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துப் பார்க்க வேண்டும். மருந்தை அரைத்து, குழைத்து, தேனிலோ வெந்நீரிலோ கலந்து கொடுக்க வேண்டும். அதாவது தொட வேண்டும். அவர் கை பட்டதை அடுத்தவர் வாயில் போட வேண்டும். கிணற்றில் வாளியை இறக்கினால் தீட்டு, நிழல் விழுந்தால் தீட்டு என்று இருந்த காலத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், இராயப்பேட்டையில் ஒரு பறையர் வைத்தியரிடம் சாதி இந்துக்கள் கையை நீட்டினார்கள்.

இதற்குப் பெரிய சாட்சி திரு.வி.கலியாணசுந்தரனார். 1883இல் பிறந்தவர், சைவக் குடும்பம், இராயப்பேட்டையில் வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோது அவருக்குக் கை கால் முடங்கிப்போய் வெஸ்லி பள்ளிப் படிப்பே நின்றுபோனது. குணப்படுத்தியவர் அயோத்திதாசர். இதைத் திரு.வி.க. தன்னுடைய 'வாழ்க்கைக் குறிப்புகள்' நூலில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அதோடு விடவில்லை. பிறகு இளைஞனாகி, யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற் பிள்ளையின் சீடராகச் சைவப் பற்று தலைக்கேறியிருந்த நாட்களில், அதே அயோத்திதாசரின் பௌத்த சங்கக் கூட்டங்களுக்குப் போய்க் கலகம் செய்தவர்களில் தானும் ஒருவன் என்பதையும் சொல்லியிருக்கிறார். எழுந்து நடக்க வைத்தவரின் கூட்டத்துக்கு அந்தக் காலாலேயே நடந்து போய்ச் சத்தம் போட்டிருக்கிறார். பின்னாளில் பௌத்தத்தைப் படித்து மனம் மாறினார், தொழிற்சங்கத் தலைவரானார். 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் நம் மக்களுக்கு என்ன நேர்ந்தது, அதில் சங்கத் தலைவர்கள் எங்கே நின்றார்கள் என்பது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறோம். ஆனாலும் திரு.வி.க.வின் நேர்மையை மதிக்க வேண்டும். இவரைப் போல எத்தனை பேர் கையை நீட்டிக் காட்டி மருந்து வாங்கித் தின்று, குணமானதும் வாயை மூடிக்கொண்டார்களோ!

நோய் வந்தால் தீட்டு தள்ளிப்போகும், நோய் போனதும் திரும்பி வரும். இதை அயோத்திதாசர் தெளிவாகப் புரிந்து வைத்திருந்தார் என்று நினைக்கிறோம். இல்லையென்றால் கைராசிக்காரர் என்ற பெயரோடு நிம்மதியாக இருந்திருப்பார். வீதிக்கு வந்திருக்க மாட்டார்.

நீலகிரியில் இருந்த காலத்திலேயே 1870களில் அத்வைதானந்த சபை தொடங்கியவர் அவர். தாது வருசப் பஞ்சம் 1876இல் தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தைத் தின்றது. பஞ்சத்தில் முதலில் சாகிறவர்கள் நிலமில்லாத கூலிகள். பசிக்கு எந்த வைத்தியரிடமும் சூரணம் இல்லை. 1881 மக்கள்தொகைக் கணக்கின்போது எங்களை இந்துக்களில் சேர்க்காமல் பூர்வத் தமிழர் என்று பதிவு செய்யுங்கள் என்றார். 1885இல் ஜான் ரத்தினத்தோடு சேர்ந்து 'திராவிட பாண்டியன்' இதழ். 1891 டிசம்பர் 1 அன்று உதகமண்டலத்தில் திராவிட மகாஜன சபையின் மாநாடு, 10 தீர்மானங்கள். பறையன் என்ற பெயரை வசவாகப் பயன்படுத்துவதைத் தடுக்கச் சட்டம் வேண்டும், பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் வேண்டும், சிறையில் நம் மக்களுக்கு மட்டும் இழிவான வேலைகளை ஒதுக்கும் விதியை நீக்க வேண்டும், பொதுக் குளம் கிணறுகளில் தண்ணீர் எடுக்கத் தடை இருக்கக்கூடாது என்று அவை போகின்றன. தண்ணீர்த் தீர்மானத்தைச் சாதித் தடை ஒழிப்பாக மட்டும் வாசிக்காதீர்கள். காலரா வருடா வருடம் சேரிகளைக் காலி செய்த காலம் அது. நல்ல கிணறு ஊருக்கு, குட்டை சேரிக்கு என்று இருந்தால் காலரா எங்கே போகும் என்று ஒரு வைத்தியருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு, 1892இல், சென்னை விக்டோரியா அரங்கில் சென்னை மகாஜன சபைக் கூட்டம். நீலகிரிப் பிரதிநிதியாகப் போயிருந்த அயோத்திதாசர், சிவன் கோயிலும் விஷ்ணு கோயிலும் எங்களுக்கு ஏன் மூடியிருக்கின்றன என்று கேட்டார். தஞ்சையிலிருந்து வந்த சிவராம சாஸ்திரி எழுந்து, உங்கள் குலத்துக்கு மதுரைவீரன் முதலான தெய்வங்கள் இருக்கிறார்களே, சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு எதற்கு என்ற பொருளில் பதில் சொன்னார். காத்தவராயன் என்று பெயர் வைக்கப்பட்ட மனிதரிடம் சொன்னார்! அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், பள்ளிக்கூடமும் தரிசு நிலமும் கொடுங்கள் என்று அயோத்திதாசர் கேட்டார். செங்கல்பட்டுக் கலெக்டர் திரமென்ஹீர், பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதியதும், பஞ்சமி நிலத்துக்கு அரசாணை வந்ததும் இதே ஆண்டுகளில்தான். அந்த நிலங்கள் இன்று யார் பெயரில் இருக்கின்றன என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டாம், நம்மில் பாதிப் பேர் அந்த மனுக்களோடுதான் தாலுகா அலுவலகத்தில் நிற்கிறோம்.

பொதுத்தொண்டு என்றால் இன்று நமக்கு இலவச முகாம், நோட்டுப் புத்தகம், பேனர், போட்டோ. அவருக்கு அது வேறு மாதிரி இருந்தது. 1898இல் கர்னல் ஆல்காட்டின் துணையோடு இலங்கை போய், கொழும்பில் சுமங்கல நாயக்க தேரரிடம் பௌத்தம் ஏற்றுத் திரும்பி, இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். சங்கம் கோலார் தங்கவயல், பெங்களூர், திருப்பத்தூர் என்று பரவியது. கடல் கடந்து ரங்கூனுக்கும் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கும் போனது. சுரங்கத்தில் இறங்கிய கூலி, கப்பலேறிய கூலி, இவர்கள்தான் அதன் உறுப்பினர்கள். 1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' வார இதழ் தொடங்கியது. விலை காலணா, அதையே பெயராகவும் வைத்துவிட்டார். ஓராண்டு கழித்து 'தமிழன்' ஆனது. 1914 மே 5 அன்று அவர் இறக்கும் வரை வாரம் தவறாமல் எழுத வேண்டிய சுமை. அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஒரு விஷயத்தை மறைக்க எங்களுக்கு மனமில்லை. பஞ்சமர் என்ற ஒரே பெயரில் தம் மக்களோடு சக்கிலியர், தோட்டி, குறவர் முதலானவர்களையும் சேர்ப்பதை அவர் எதிர்த்தார். நாங்கள் பூர்வ பௌத்தர்கள், சாதி சூழ்ச்சியால் தாழ்த்தப்பட்டவர்கள், மற்றவர்கள் அப்படியல்ல என்ற தொனி அவர் எழுத்தில் வருகிறது. மாலை வகுப்பில் இதை வாசித்தபோது ஓர் அருந்ததியர் தம்பி, "அப்போ எங்க தாத்தா நாடியை அவரு பார்த்திருப்பாரா?" என்று கேட்டான். பார்த்திருக்கலாம். தெரியாத இடத்தில் அவருக்காக வக்காலத்து வாங்க நாங்கள் தயாரில்லை. அந்தத் தம்பியின் கேள்வியை அப்படியே வைத்துக்கொண்டுதான் அவரை வாசிக்க வேண்டியிருக்கிறது.

அவர் இறந்த அதே 1914இல் சென்னை மாகாணத்தில் மருத்துவப் பதிவுச் சட்டம் வந்தது. ஆங்கில மருத்துவம் படித்தவர்கள் பதிவு பெற்ற மருத்துவர்கள் ஆனார்கள், நாட்டு வைத்தியர்கள் வெளியே நின்றார்கள். கோபம் கிளம்பியது. 1921இல் உஸ்மான் குழு அமைந்தது. 1923இல் அது அறிக்கை கொடுத்த பிறகு, சென்னையில் இந்திய மருத்துவத்துக்கு அரசுப் பள்ளியே வந்தது. நல்லதுதான். ஆனால் பள்ளி வந்தால் நுழைவுத் தகுதி வரும், கட்டணம் வரும், சான்றிதழ் வரும். ஏடும் கைப்பழக்கமும் மட்டும் வைத்திருந்த அம்பட்டர் வீட்டுப் பெரியவரும் பிரசவம் பார்த்த பாட்டியும் சேரி வைத்தியரும் எங்கே போனார்கள்? வெள்ளைக்காரன் முதலில் ஒதுக்கினான், அடுத்து நம்மவர்களின் சான்றிதழ் ஒதுக்கியது. இன்று 'தமிழர் மருத்துவம்' என்று பெருமையாகப் பேசும் மேடைகளில் சித்தர்கள் பெயர் கேட்கிறது, இந்தக் கைகளின் பெயர் கேட்பதில்லை.

அரசு பின்னாளில் மரியாதை செய்யாமல் இல்லை. 2005இல் அஞ்சல் தலை வந்தது. தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர் வைத்தார்கள். 2023இல் கிண்டியில் மணிமண்டபம் திறந்தார்கள். எங்கள் தெருவில் பூ விற்கும் அத்தை முட்டிவலிக்கு அந்த மருத்துவமனைக்குத்தான் போகிறார். "சானடோரியம் ஆஸ்பத்திரி" என்பார். அது நம்ம ஆள் பெயர் அத்தை என்று சொன்னோம். "அப்படியா, யாருடா அது?" என்று கேட்டுவிட்டு, எண்ணெய் நன்றாகக் கேட்கிறது என்றார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தப்பு எங்கள் மேல். இதையெல்லாம் நாங்கள் பெருமையாகப் பேசப்போய், எங்கள் பகுதியில் காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இரண்டாம் மாதத்தில் அதை நிறுத்திவிட்டார். "நம்ம தாத்தன் வைத்தியம் இருக்கும்போது இது எதுக்கு?" என்றார். இருமல் குறைந்திருந்தது, அதனால் குணமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டிய மாத்திரை அது, நடுவில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவரைத் திரும்பக் கூட்டிப்போக எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. நாங்கள் சொல்லிக் கேட்கவில்லை, அவர் பேத்தி அழுததால்தான் வந்தார். அயோத்திதாசரின் வைத்தியத்தை நாங்கள் எழுதுவது அவர் காலத்து மருந்தை இன்று எல்லா நோய்க்கும் விழுங்கச் சொல்வதற்காக அல்ல. யார் கையில் அறிவு இருந்தது, அது எப்படி அவர்கள் கையை விட்டுப் போனது என்பதைக் கேட்பதற்காக. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் தோழர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் வெளியிட்ட 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகள் எங்கள் படிப்பகத்தில் இருக்கின்றன. மொழி பழசு, முதல் பத்துப் பக்கம் கஷ்டமாக இருக்கும், பிறகு பழகிவிடும். அடுத்த ஞாயிறு மாலை விக்டோரியா அரங்கக் கூட்டத்தைப் பற்றி வாசிக்கப்போகிறோம். உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ வைத்தியம் பார்த்திருந்தால், என்ன மருந்து, யார் யார் வந்தார்கள், எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். பெரியவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மாத்திரை முடிய அவருக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஜன்னல்களைத் திறந்து வைத்து உட்காருவோம்.