மந்த வாயுக்களில் மின்னிறக்கச் சுருக்கம்

நியான், ஆர்கான் போன்ற மந்த வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாயில் மின்சாரம் பாயும்போது, குறைந்த அழுத்தத்தில் ஒளி குழாய் முழுவதும் பரவி நிற்கும். அழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் கூட்டிக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் அந்த ஒளித்தூண் சுவரை விட்டு விலகி, குழாயின் அச்சில் மெல்லிய இழையாகத் திடீரெனக் குறுகிவிடும். இதுவே மின்னிறக்கச் சுருக்கம் எனப்படுகிறது. இதன் காரணத்தைத் தெளிவாக அறிய 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

தொடக்கம்

ஜெர்மனியின் பான் நகரில் கண்ணாடிக் கருவிகள் செய்துவந்த ஹைன்ரிக் கைஸ்லர் 1857இல் உருவாக்கிய வெற்றிடக் குழாய்கள் மின்னிறக்க ஆய்வுக்கு வழி திறந்தன. 1894இல் ரேலே, ராம்சே இருவரும் ஆர்கானைக் கண்டறிந்தனர். 1898இல் ராம்சேயும் டிராவர்சும் நியான், கிரிப்டான், செனான் ஆகியவற்றைப் பிரித்தெடுத்தனர். 1910இல் பாரிசில் ஜார்ஜ் குளோட் நியான் விளக்கைக் காட்சிக்கு வைத்தார். அவ்வகை விளக்குகளில் அழுத்தமும் மின்னோட்டமும் குறைவு. ஆகவே ஒளி சுருங்காமல் குழாயை நிறைத்து நின்றது.

ஷாட்கி கோட்பாடு

1924இல் வால்டர் ஷாட்கி இவ்வொளித்தூணுக்கு ஒரு கோட்பாடு வகுத்தார். அதன்படி எலக்ட்ரான்களும் அயனிகளும் சேர்ந்தே சுவரை நோக்கி விரவுகின்றன. சுவரில்தான் அவை ஒன்றுசேர்ந்து மறைகின்றன. எலக்ட்ரான் அடர்த்தி அச்சில் மிகுந்தும், சுவரை நோக்கிச் சீராகக் குறைந்தும் இருக்கும். மின்னோட்டத்தைக் கூட்டினால் அடர்த்தி கூடுமே தவிர, அது பரவியிருக்கும் வடிவம் மாறாது. எனவே சுருக்கத்துக்கு இக்கோட்பாட்டில் இடமில்லை. அயனியான வாயுவுக்குப் 'பிளாஸ்மா' என்ற பெயரை இர்விங் லாங்மியூர் 1928இல் வழங்கினார்.

காந்தவிசை காரணமா?

1905இல் ஆஸ்திரேலியாவில் மின்னல் தாக்கி நசுங்கிய செப்புக் குழாய் ஒன்றைப் பொல்லாக்கும் பராக்ளோவும் ஆராய்ந்தனர். மின்னோட்டம் தானே உண்டாக்கிய காந்தவிசையே அதை நசுக்கியது என்றனர். பிளாஸ்மாவும் இவ்வாறு இறுகும் என்பதை 1934இல் வில்லர்ட் பென்னட் கணக்கிட்டுக் காட்டினார். ஆனால் அதற்கு மிகப் பெரிய மின்னோட்டம் தேவை. மந்த வாயுக் குழாய்களில் சுருக்கம் ஓர் ஆம்பியரில் சிறு பங்கு ஓடும்போதே நிகழ்கிறது. அந்த அளவில் காந்தவிசை பொருட்படுத்தத் தக்கதன்று. பார்வைக்கு ஒத்திருந்தாலும் இவ்விரண்டும் வெவ்வேறு நிகழ்வுகள்.

உண்மையான காரணம்

1949இல் பியோண்டியும் பிரவுனும் செய்த அளவீடுகளில், எலக்ட்ரான்களும் அயனிகளும் எதிர்பார்த்ததைவிட மிக வேகமாக மறுசேர்க்கை அடைவது தெரிந்தது. 1950இல் டேவிட் பேட்ஸ் இதற்கு விளக்கம் தந்தார். அழுத்தம் கூடும்போது அணு அயனிகள் மற்ற அணுக்களோடு இணைந்து மூலக்கூறு அயனிகளாகின்றன. அவ்வயனி எலக்ட்ரானை ஏற்றவுடன் இரு அணுக்களாகப் பிளவுறுகிறது. இதனால் எலக்ட்ரான்கள் சுவரை அடையுமுன் வாயுவுக்குள்ளேயே மறைகின்றன.

1962இல் கார்ல் கென்டி, ஆர்கான் ஒளித்தூணின் சுருக்கத்தை இந்த மறுசேர்க்கையுடன் தொடர்புபடுத்தினார். 1970களில் லெனின்கிராட்டில் ககான், கொலுபோவ்ஸ்கி முதலியோர் இதை விரிவாக ஆராய்ந்தனர். இவ்வாய்வுகளிலிருந்து கிடைத்த படம் இது: அச்சுப் பகுதியில் வாயு சூடேறி அடர்த்தி குறைகிறது. மோதல் குறைவதால் எலக்ட்ரான்கள் கூடுதல் ஆற்றல் பெற்று மேலும் அயனியாக்குகின்றன. அங்கே எலக்ட்ரான்கள் நெருங்குவதால் தமக்குள் மோதி, அயனியாக்க வல்ல வேகமான எலக்ட்ரான்களை நிரப்பிக்கொள்கின்றன. குளிர்ந்த புறப்பகுதியிலோ அயனியாக்கம் குறைந்து மறுசேர்க்கையே ஓங்குகிறது. இவ்வாறு நடுவில் பெருக்கமும் ஓரத்தில் இழப்பும் ஒன்றையொன்று வலுப்படுத்த, ஒளித்தூண் இழையாகிறது. சுருங்கிய பின் மின்னோட்டத்தைக் குறைத்தாலும் அது உடனே பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

ஹீலியம் ஆர்கானைவிட ஏறத்தாழ 8 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே அதில் அச்சுப் பகுதி எளிதில் சூடேறுவதில்லை. சுருக்கமும் எளிதில் நேர்வதில்லை.

லேசரும் சுருக்கமும்

இந்தியாவில் பிறந்த குமார் படேல் 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கினார். அதன் திறனைக் கூட்ட வாயு அழுத்தத்தை உயர்த்த வேண்டும். உயர்த்தினால் மின்னிறக்கம் இழையாகி, பெரும்பகுதி வாயு பயனின்றி நிற்கும். கலவையில் ஹீலியம் சேர்ப்பது வெப்பத்தைச் சுவருக்குக் கடத்த உதவியது. 1970இல் கனடாவின் பொலியூ வேறு வழி காட்டினார். ஒளிக்கற்றைக்குக் குறுக்காக, தனித்தனித் தடையம் பொருத்திய பல ஊசி மின்வாய்கள் வழியே மிகக் குறுகிய மின்துடிப்பைச் செலுத்தினார். சுருக்கம் வளர நேரம் கிடைக்குமுன் துடிப்பு முடிந்துவிடும். வளிமண்டல அழுத்தத்திலேயே லேசர் இயங்கியது.

விளக்குக் குழாயில் கண்ட ஒரு சிறு விந்தை, இவ்வாறு உயர் அழுத்த வாயு லேசர்களின் வடிவமைப்பையே தீர்மானிக்கும் சிக்கலாயிற்று.