மாடிப்படிக்கு அடியில் ஒரு கதாநாயகன்

கே. பாலசந்தரின் ‘எதிர்நீச்சல்’ நாடகத்தில் நாயகன் மாதுவுக்கு ஓர் அறைகூடக் கிடையாது. பல குடித்தனங்கள் உள்ள வீட்டில் மாடிப்படிக்கு அடியில் படுத்துக்கொள்கிறான். எல்லாக் குடித்தனங்களுக்கும் எடுபிடி வேலை செய்கிறான். அவர்கள் போடும் சோற்றைத் தின்றுகொண்டே கல்லூரிப் படிப்பும் படிக்கிறான். படுக்கும் இடமே பெயரோடு ஒட்டிக்கொண்டு ‘மாடிப்படி மாது’ ஆகிவிட்டது. 1968-இல் படமாகவும் வந்த இந்தக் கதையை விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வழக்கம். தலைப்பும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் நாடகத்தை உந்தித் தள்ளுவது முயற்சியைவிட சோற்றுக்கடன். நேற்று மீந்த குழம்பை ஊற்றியவருக்கு இன்று மண்ணெண்ணெய் வாங்கி வர மறுக்க முடியுமா என்பதுதான் மாதுவின் அன்றாடச் சிக்கல். இந்தச் சிக்கல் பாலசந்தரின் கற்பனையில் மட்டும் பிறந்ததல்ல. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் போன்ற பேட்டைகளின் ஒட்டுக்குடித்தன வீடுகளே சபா நாடகத்துக்கு அதன் மாந்தரையும் கருவையும் தந்தன என்று நினைக்கிறேன்.

தமிழில் நாடக ஆய்வு பெரும்பாலும் வீட்டுக்குள் நுழைந்ததில்லை. பரிதிமாற்கலைஞரின் ‘நாடகவியல்’ (1897) இலக்கணம் வகுத்தது. விபுலானந்த அடிகளின் ‘மதங்க சூளாமணி’ (1926) ஷேக்ஸ்பியரின் பன்னிரண்டு நாடகங்களை எடுத்துக்கொண்டு, கதையின் கட்டமைப்பையும் சுவையையும் நம் மரபின் அளவுகோலால் நிறுத்துப் பார்த்தது. இரண்டும் பெரிய காரியங்கள். இருந்தாலும் பாத்திரம் எங்கே நின்று பேசுகிறது, அது பேசுவது யார் காதிலெல்லாம் விழும் என்ற கேள்வி அவற்றின் எல்லைக்குள் வரவில்லை. அரசவையில் நடக்கும் நாடகத்துக்கு அந்தக் கேள்வி அவ்வளவாகத் தேவைப்படவுமில்லை.

அரசவைக்கு நல்ல எடுத்துக்காட்டு பம்மல் சம்பந்த முதலியாரின் ‘மனோகரா’ (1895). 1891-இல் தொடங்கிய சுகுண விலாச சபா, வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் மேடையேறலாம் என்று காட்டியது. விடியவிடியப் பாட்டாக ஓடிய நாடகத்தைச் சில மணி நேர உரைநடை நாடகமாகச் சம்பந்த முதலியார் சுருக்கினார். பகலில் ஆபீஸ் போய்வரும் மனிதன் பார்க்கக்கூடிய நாடகம் அப்போதுதான் உருவானது. ஆனால் அந்த மனிதன் மேடையில் இல்லை. வசந்தசேனையின் பிடியில் அரசன். ஒதுக்கப்பட்ட அரசி பத்மாவதி. தாய்க்குக் கொடுத்த வாக்கால் கை கட்டப்பட்ட மகன். மனோகரன் சங்கிலியோடு நிற்பது சபை நடுவில். அவன் அவமானம் ஊரறிந்தது. தாய் வாக்கிலிருந்து விடுவித்ததும் வரும் விடுதலையும் ஊரறியத்தான். ஒளிவுமறைவுக்கு வேலையில்லாததால் பாத்திரங்களும் முழுக் குரலில் பேசுகின்றன. உத்தியோகஸ்தர்கள் நடித்து உத்தியோகஸ்தர்கள் பார்த்த நாடகத்தில் அவர்களுடைய வீடு வர இன்னும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

அந்த அரை நூற்றாண்டில் நகரம் பிதுங்கியது. 1941 கணக்கெடுப்பில் சென்னையின் மக்கள்தொகை ஏறத்தாழ 7.8 லட்சம், 1951-இல் 14 லட்சத்துக்கு மேல். இடையில் நகர எல்லை விரிந்ததும் இதற்கு ஒரு காரணம்தான், ஆனால் வேலை தேடி வந்து இறங்கிய கூட்டம் பொய்யல்ல. பார்த்தசாரதி கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒரே குடும்பத்துக்கென்று கட்டிய வீடுகள் இருந்தன: திண்ணை, ரேழி, முற்றம், கூடம், இரண்டாம் கட்டு, பின்னால் கிணறு. இவை போர்ஷன் போர்ஷனாகப் பிரிந்தன. சுவருக்குப் பதில் பல இடங்களில் ஒரு தட்டி. கிணறும் குழாயும் கழிப்பறையும் மாடிப்படியும் பொது. வாடகையைக் கட்டுப்படுத்தவும் குடியிருப்பவரை நினைத்தபோது வெளியேற்ற முடியாதபடி செய்யவும் 1960-இல் ஒரு சட்டமே வந்தது என்றால், குடியிருப்பு எவ்வளவு பெரிய தலைவலியாக இருந்திருக்கும்! இந்த வீட்டில் ஒரு போர்ஷனில் சண்டை வந்தால் அடுத்த போர்ஷனுக்கு வசனம் மனப்பாடம். அங்கிருந்து மாலையில் கிளம்பி என்.கே.டி. கலா மண்டபத்திலோ 1900-இல் தொடங்கிய பார்த்தசாரதி சுவாமி சபாவின் நிகழ்ச்சியிலோ உட்கார்ந்தவர்கள் நாடகம் பார்க்கும் பயிற்சியை வீட்டிலேயே பெற்றிருந்தார்கள்.

இனி நாடகங்களைப் பார்க்கலாம். அக்கவுண்டண்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்தபடி பாலசந்தர் எழுதி அரங்கேற்றியவற்றில் ‘நீர்க்குமிழி’ ஓர் ஆஸ்பத்திரியில் நடக்கிறது, ‘சர்வர் சுந்தரம்’ ஹோட்டலில் தொடங்குகிறது, ‘மேஜர் சந்திரகாந்த்’தில் பார்வையிழந்த மேஜரின் வீடு, ‘எதிர்நீச்சல்’ குடித்தன வீடு. நான்கிலும் இரத்த உறவில்லாத மனிதர்கள் ஒரே கூரையின் கீழ் நெருக்கியடித்துக்கொள்கிறார்கள். மேஜர் சந்திரகாந்த் இவற்றில் உச்சம். தங்கையை ஏமாற்றியவனைக் கொன்றுவிட்டு ஓடிவரும் ஒருவனுக்கு மேஜர் அடைக்கலம் தருகிறார். கொல்லப்பட்டவன் அவருடைய இளைய மகன். கொலையாளியைத் தேடும் போலீஸ் அதிகாரி மூத்த மகன். இதை நீதிக்கும் பாசத்துக்கும் நடக்கும் போராட்டம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் மேஜரின் பார்வையின்மைக்கு அதில் என்ன வேலை? பக்கத்தில் இருப்பவனைக் குரலாலும் காலடியாலும் மட்டுமே அறிகிற மனிதர் அவர். தட்டிக்கு அப்பால் இருப்பவரை அப்படித்தான் அறிந்திருந்தார்கள் அவையிலிருந்த பலரும். அந்நியனுக்கு இடம் கொடுத்தபின் அவனைப் பற்றிய உண்மை தெரிந்தால் கொடுத்த இடத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்ற கேள்வியில் புராணத்து அடைக்கலமும் இருக்கிறது, உள்வாடகைக்கு ஆள் வைத்தவரின் பயமும் இருக்கிறது.

ஒரே செட்டில் நாடகம் நடந்தது காசில்லாததால்தானே, இதில் என்ன தத்துவம் என்று கேட்பவர்கள் உண்டு. காசில்லை என்பது உண்மை. ஆபீஸ் முடிந்து ஒத்திகை பார்த்தவர்கள் சபா சபாவாகத் தட்டுமுட்டுகளைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். ஆனால் வறுமைக்கு வேறு மருந்தும் கைவசம் இருந்தது. கம்பெனி நாடகங்கள் வரைந்த படுதாக்களைச் சுருட்டி எடுத்துப் போய் ஊர் ஊராகக் காட்டையும் தர்பாரையும் நந்தவனத்தையும் காட்டின. படுதா செட்டைவிட மலிவு, தூக்குவதும் சுலபம். அதை விட்டுவிட்டுக் கூடத்தையும் மாடிப்படியையும் தேர்ந்தெடுத்ததற்குக் காசு மட்டும் காரணமாக இருக்க முடியாது. மற்றோர் ஆட்சேபம்: எதிர்நீச்சல் வீடு திருவல்லிக்கேணியில் இருப்பதாக நாடகம் சொல்லவில்லையே, ஆஸ்பத்திரிக்கும் அகத்துக்கும் என்ன சம்பந்தம்? சொல்லத்தான் இல்லை. நான் தேடுவதும் முகவரியை அல்ல, பழக்கத்தை. ஆஸ்பத்திரி வார்டும் ஒரு போர்ஷன்தான். பக்கத்துக் கட்டிலின் வலியை வேண்டாமென்றாலும் கேட்டாக வேண்டும்.

மூன்றாவது ஆட்சேபம் வலுவானது. சபா நாடகம் வெறும் துணுக்குத் தோரணம், அதில் பாத்திரத்தைத் தேடுவது வீண்வேலை என்பது. பிற்காலத்தைப் பற்றி இது பெருமளவு சரி. மேடையில் ஒரு சோபா, ஒரு டெலிபோன், வாசல் வழியே வரிசையாக வந்து ஜோக் சொல்லிப் போகும் ஆட்கள். இந்தச் சரிவை எழுத்தாளர்களின் சோம்பலாக மட்டும் நான் பார்க்கவில்லை. வீடுகள் இடிந்து அடுக்ககங்கள் எழுந்தன. தனி வாசல், தனிக் குழாய். நாடகாசிரியர் மெரினா தம் நாடகம் ஒன்றுக்குத் ‘தனிக்குடித்தனம்’ என்று பெயர் வைத்தார். ஆசை எந்தப் பக்கம் திரும்பிவிட்டது என்பதற்கு அந்தத் தலைப்பே சாட்சி. சோபா இருக்கும் வீட்டுக்கு வருபவர் விருந்தாளி. அவரால் சிரிக்கவைக்க முடியும், யாரையும் கடன்படுத்த முடியாது. எதிர்நீச்சலிலும் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றுத் திரும்பிய பெண்ணை மாதுவுக்குக் கட்டிவைக்கலாமா என்று அவளைப் பெற்றவர்கள் எண்ணும்போது, அவன் அந்த வீட்டில் தின்ற அத்தனை கவளமும் தராசில் ஏறுகிறது. அந்த இடத்தில் வரும் சிரிப்பு துணுக்கால் வருவதல்ல.

பாத்திரப் படைப்பில் அந்த வீடு செய்த வேலைக்கு ஒரு சின்ன ஆதாரம் மிச்சம் இருக்கிறது. எதிர்நீச்சலில் இருமல் தாத்தா என்று ஒருவர். ஒருமுறைகூட அவர் முகம் தெரியாது. இருமல் மட்டும் கேட்கும். அரசவை நாடகத்தில் இப்படி ஒருவரை நிறுத்த முடியாது. சோபா நாடகத்தில் அவருக்கு அறை இல்லை. குடித்தன வீட்டிலிருந்து வந்தவர்களுக்கு மட்டும் அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லாமல் இருந்தது.