தோட்டத்துக்கு ஒரே ஒரு வெட்டரிவாள் வாங்குவதென்றால்: பட்டறையில் என்ன பார்க்க வேண்டும்?

சில ஆண்டுகளுக்கு முன் பயிற்சிக்கு வந்திருந்த வாழை விவசாயி ஒருவருடைய இடது காலில் நீளமான தழும்பு இருந்தது. இலை கழிக்கும்போது அரிவாள் பிடியிலிருந்து கழன்று அவர் காலிலேயே விழுந்திருக்கிறது. "ஆடுதுன்னு தெரியும் சார், தரையில ரெண்டு தட்டு தட்டினா உள்ள போயிடும், அப்படியே ஓட்டிட்டு இருந்தேன்" என்றார். அந்த வருடம் தார் வெட்டும் நேரத்தில் ஒன்றரை மாதம் அவர் தோட்டத்துக்குள் போகவில்லை.

உரம், மருந்து, விதை பற்றி நிறைய எழுதுகிறோம். தினமும் கையில் இருக்கும் அரிவாளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை. கொங்குப் பக்கம் கொடுவாள், குமரி மாவட்டத்தில் வெட்டுக்கத்தி, மற்ற இடங்களில் வெட்டரிவாள் என்று பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான். வேலி கழிக்க, மட்டை வெட்ட, தழை ஒடிக்க, இளநீர் சீவ, ஆட்டுக்குக் கிளை இறக்க எல்லாவற்றுக்கும் இது ஒன்றையே எடுக்கிறோம்.

எந்த அளவு?

வெட்டும் பகுதி ஒரு சாணுக்குச் சற்று அதிகமாக, அதாவது 25 செ.மீ. அளவில் இருந்தால் பொது வேலைக்குப் போதும். அதற்கு மேல் நீளம் போனால் வேலிக்குள் வீச இடம் இருக்காது, மணிக்கட்டும் வலிக்கும். முதுகுப்பக்கக் கனம் பிடியருகே 6 மி.மீ., நுனிப்பக்கம் 4 மி.மீ. என்று இறங்கி வர வேண்டும். ஒரே கனமாக இருக்கும் அரிவாள் நுனிப் பக்கம் பாரமாகத் தொங்கும். எடையைப் பொறுத்தவரை, நாள் முழுக்க வீசுகிற வேலைக்கு 700 முதல் 800 கிராமுக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் கருத்து. கனமான அரிவாள் ஒரே வெட்டில் வேலையை முடிக்கும் என்பது காலை பத்து மணி வரை உண்மை. அதன் பிறகு கை தளர்ந்து குறி தவறும், காயம் படுவதும் அந்த நேரத்தில்தான்.

நுனி வளைவு சற்று இருப்பது நல்லது. முள் கிளையைக் கையால் தொடாமல் இழுத்துப் போட அந்த வளைவுதான் உதவும். ஆனால் கேள்விக்குறி போல அதிகம் வளைந்திருந்தால் இளநீர் சீவ முடியாது, சாணை பிடிப்பதும் கடினம்.

வீட்டில் பெண்களும் இதே அரிவாளைப் பயன்படுத்துவதாக இருந்தால், கடைக்கு அவர்களையும் கூட்டிக்கொண்டு போய்ப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஆண் கைக்கு வாங்கியதையே பெண்கள் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். இன்னொன்று, நெல் அறுக்கும் கருக்கரிவாளில் பல் ஒரு பக்கமாகத்தான் கொத்தப்பட்டிருக்கும். அது வலது கைக்காரர்களுக்கு ஏற்றது. இடது கைப் பழக்கம் உள்ளவர்கள் கொல்லரிடம் சொல்லி மறுபக்கம் கொத்தி வாங்க வேண்டும்.

இரும்பா, எஃகா?

பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோல இருக்கும், வித்தியாசம் உள்ளே இருக்கும் கரியில். கட்டடக் கம்பி, சாதாரண இரும்புப் பட்டை இவற்றில் கரி சுமார் 0.25 சதவீதத்துக்குள்தான் இருக்கும். அதை எவ்வளவு சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தாலும் அரிவாளுக்குத் தேவையான கடினம் ஏறாது. லாரியின் ஸ்பிரிங் பட்டையில் 0.5 முதல் 0.6 சதவீதம் கரி உண்டு. நம் ஊர்ப் பட்டறைகளில் நல்ல அரிவாள்கள் இதில்தான் அடிக்கப்படுகின்றன. திருப்பாச்சேத்தி போன்ற பெயர் பெற்ற ஊர்களானாலும் சரி, உங்கள் ஊர்ச் சந்தையானாலும் சரி, "பட்டை என்னது?" என்று முதலில் கேளுங்கள்.

கேட்டதோடு நிறுத்தாமல் சோதித்தும் பார்க்கலாம். பட்டறையிலேயே சாணை எந்திரம் இருக்கும். முதுகுப்பக்கத்தை லேசாகத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். நிழலில் நின்று பொறியைப் பாருங்கள். சாதாரண இரும்பில் பொறி நீளக் கோடாக ஓடி அணைந்துவிடும். கரி அதிகமுள்ள எஃகில் கோட்டின் முனையில் மத்தாப்பூ போல வெடித்துக் கிளை பிரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு தடவையிலேயே கண் பழகிவிடும்.

பழைய அரத்தை அடித்துச் செய்த கத்தி மிகக் கூர்மையாக நிற்கும். அதில் கரி 1 சதவீதத்துக்கும் மேல். சீவ, கீற அருமையானது. ஓங்கி வெட்டும் வேலைக்கு வேண்டாம், சில்லு தெறிக்கும்.

துருப்பிடிக்காதே என்று எவர்சில்வர் கத்தி தேடுகிறவர்கள் உண்டு. பாத்திரம் செய்யும் எவர்சில்வரில் செய்த கத்தி கூர் நிற்காது. அதைக் காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கவும் முடியாது. பெரும்பாலும் காந்தமும் ஒட்டாது. கத்திக்கென்றே உள்ள துருவேறா எஃகு வேறு, அதில் காந்தம் ஒட்டும். மீன் சுத்தம் செய்ய, பழம் நறுக்க அது நல்லது. இணையத்தில் 'வேட்டைக் கத்தி', 'கேம்பிங் கத்தி' என்று பளபளவென்று விற்பவற்றில் முக்கால்வாசி வெளித்தோற்றத்துக்குத்தான் காசு. தொட்டால் கரகரக்கும் முதுகும், உள்ளே வெறும் பிளாஸ்டிக்குமாக இருக்கும் அந்தப் பிடியால் ஒரு தென்னை மட்டையைக்கூட வெட்ட முடியாது.

துவைச்சல்தான் உயிர்

நல்ல பட்டையும் துவைச்சல் தவறினால் வீண். கொல்லர் அரிவாளைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, வாய்ப்பகுதியைத் தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்ப்பார். அப்போது எஃகு கண்ணாடி போலக் கடினமாகிவிடும், தட்டினால் உடையும். அதனால் மறுபடி லேசாகச் சூடேற்றிப் பதம் இறக்க வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய வாயில் நிறம் ஓடுவதைப் பார்த்துத்தான் கொல்லர் கணக்கிடுகிறார். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு கத்தரிப்பூ நிறம், கடைசியில் நீலம். வெட்டரிவாளுக்குப் பழுப்புக்கும் கத்தரிப்பூ நிறத்துக்கும் இடையில், சுமார் 250 முதல் 280 டிகிரி செல்சியஸ் வரை, பதம் சரியாக இருக்கும். மஞ்சளில் நிறுத்தினால் வாய் தெறிக்கும், நீலம் தாண்டினால் வாய் மடங்கும். வெப்பமானி இல்லாமல் கண்ணாலேயே இதைச் சொல்லும் கொல்லர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் உங்கள் பக்கத்தில் இருந்தால் பத்து ரூபாய் பேரம் பேசாதீர்கள்.

வாங்குமுன் இதைச் சோதிக்க ஒரு புதிய மட்ட அரம் போதும். வாயில் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். அரம் கஷ்டப்பட்டுப் பிடித்துச் சிறிது பொடி எடுத்தால் பதம் சரி. வெண்ணெய் போல எளிதாகச் சீவினால் துவைச்சலே ஏறவில்லை. அரம் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டே போனால் பதம் இறக்கவில்லை, முதல் முடிச்சிலேயே பல் விழும். பிறகு அரிவாளைத் தொங்கவிட்டு ஒரு ஆணியால் தட்டுங்கள். மணி போல ஓசை நீண்டால் நல்லது. மந்தமாக அடங்கினால் எங்கோ விரிசல் இருக்கலாம். வாயோரமாக வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மயிரிழை விரிசல் தெரியும். லாரியில் பல வருடம் ஓடிய பட்டையில் ஏற்கெனவே விரிசல் இருக்க வாய்ப்புண்டு என்பதால் இதை விட்டுவிடாதீர்கள்.

பிடியை இன்னும் கவனமாகப் பாருங்கள்

என் அனுபவத்தில் விபத்து அதிகம் வருவது வாயால் அல்ல, பிடியால். இரும்பின் காம்பு பாதிப் பிடியோடு நின்றுவிடக் கூடாது. அடிவரை ஊடுருவி வந்து நுனி மடித்து அடிக்கப்பட்டிருக்க வேண்டும். பிடியின் வாய்ப்பக்கம் இரும்புப் பூண் இறுக்கமாக இருக்க வேண்டும். மரம் காய்ந்ததா என்று பாருங்கள். பச்சை மரத்தில் போட்ட பிடி சித்திரை வெயிலில் சுருங்கிப் பூண் தானாகக் கழலும். அப்போது நாம் என்ன செய்கிறோம்? தொட்டித் தண்ணீரில் ஊற வைக்கிறோம். மரம் ஊதி அன்றைக்கு இறுகும், காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும், உள்ளே காம்பும் துருப்பிடிக்கும். ஆடும் பிடியை அன்றே பட்டறைக்குக் கொண்டுபோய் மாற்றுங்கள், அல்லது அரக்கு வைத்து இறுக்கச் சொல்லுங்கள். காம்பைக் காய்ச்சும்போது வாய்ப்பகுதியில் ஈரச்சாக்கு சுற்றியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் துவைச்சல் போய்விடும்.

பிடியின் தடிமன் 3 முதல் 3.5 செ.மீ. இருந்தால் விரல்கள் சரியாகச் சுற்றும். அடியில் சற்றுப் பருத்திருந்தால் வியர்த்த கையிலிருந்து நழுவாது. வழவழப்பான வார்னிஷ் வேண்டாம்.

சாணையும் சுத்தமும்

வெட்டரிவாளுக்குச் சவரக்கத்திக் கூர் தேவையில்லை. ஒவ்வொரு பக்கமும் 20 முதல் 25 டிகிரி சாய்வு போதும். அதிகம் மெலிய வைத்தால் முதல் வேலங்கிளையில் மடங்கும். கையில் பிடிக்கும் சாணை எந்திரத்தை வாயில் அழுத்தி வைத்து நீலம் பாய விட்டால், அந்த இடத்தில் கொல்லர் போட்ட பதம் அத்தோடு போயிற்று. அரமும் தண்ணீர் விட்ட சாணைக்கல்லும் போதும். வாரம் ஒரு முறை ஐந்து நிமிடம்.

கரும்பு, வாழை விவசாயிகள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மறுதாம்புக் கரும்பில் வரும் குட்டை நோய் கரணை வெட்டும் கத்தி வழியாகவே ஒரு தூரிலிருந்து அடுத்ததற்குப் போகிறது. வாழையில் கிழங்கழுகல் போன்ற பாக்டீரியா நோய்களும் அப்படியே பரவக்கூடும். நோய்ப்பட்ட தூரை வெட்டிய கத்தியை மண் போகக் கழுவி, ஸ்பிரிட்டில் துடைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போங்கள். பிளீச்சிங் பவுடர் கரைசலும் உதவும், ஆனால் இரும்பை அரிக்கும் என்பதால் பிறகு நன்கு கழுவி எண்ணெய் தடவ வேண்டும். தீயில் வாட்டிச் சுத்தம் செய்யும் பழக்கம் வேண்டாம். ஏன் என்று மேலே துவைச்சலைப் பற்றிப் படித்தவர்களுக்குத் தெரியும்.

வாழைச்சாறு பட்டு அரிவாள் கறுத்தால் பயப்பட வேண்டாம், அது துரு அல்ல. சிவப்பாகப் பொடி உதிர்ந்தால்தான் துரு. வேலை முடிந்ததும் துடைத்துத் தேங்காயெண்ணெய் ஒரு சொட்டு. உறைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். பழைய 16 மி.மீ. சொட்டுநீர்க் குழாயை அரிவாள் நீளத்துக்கு வெட்டி, நெடுக்கில் கீறி வாயில் மாட்டினால் அருமையாக உட்காரும். பைக்கில் கொண்டுபோகும்போது உறையில்லாமல் சொருகிக்கொள்ளாதீர்கள்.

தொரட்டியில் கட்டித் தழை அறுப்பவர்கள் மேலே பார்த்துவிட்டுத் தூக்க வேண்டும். அலுமினியம் அல்லது இரும்புக் குழாயில் கட்டிய அரிவாள் மின்கம்பியைத் தொட்டால் தப்பிப்பது அரிது. ஈர மூங்கிலும் பாதுகாப்பல்ல. கம்பியருகே உள்ள கிளையை வெட்ட மின்வாரியத்தில் சொல்லி மின்சாரத்தை நிறுத்திய பிறகே போங்கள்.

சட்டம் பற்றி இரண்டு செய்தி

விவசாயத்துக்கென்று செய்த கருவிகள் ஆயுதச் சட்டத்தின் உரிமக் கட்டுப்பாட்டில் வருவதில்லை. ஆனாலும் 2021-ல் தமிழகக் காவல்துறை, அரிவாள் வாங்குவோரின் பெயர், முகவரியைப் பதிவு செய்யும்படி பட்டறைகளுக்கு அறிவுறுத்தியது. கேட்டால் கோபப்படாமல் கொடுங்கள். காட்டோரத் தோட்டக்காரர்கள் இதைவிட முக்கியமாக அறிய வேண்டியது, 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 'ஆயுதம்' என்ற சொல்லுக்குள் கத்தியும் வருகிறது என்பது. சரணாலயத்துக்குள் முன் அனுமதி இல்லாமல் அதை எடுத்துச் செல்வது குற்றம். மாடு தேடிப் போனேன் என்பது பதிலாகாது. எல்லையைத் தாண்டுமுன் அரிவாளை வீட்டில் வைத்துவிடுங்கள்.

வெட்டுப்பட்டால்

சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து, விடாமல் பத்து நிமிடம் அழுத்துங்கள். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், சாம்பல் எதுவும் வேண்டாம். ரத்தம் நிற்காவிட்டால் அழுத்தியபடியே 108-ஐ அழையுங்கள். ரத்தம் நின்றாலும் விரலை மடக்க முடியவில்லை, மரத்துப் போயிருக்கிறது என்றால் நரம்போ தசைநாரோ அறுபட்டிருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மண்ணும் சாணமும் பட்ட இரும்பால் வெட்டுப்பட்டால் ரணஜன்னி வரும் ஆபத்து உண்டு. கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டீர்கள் என்று நினைவில்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைச் சொல்லிப் போட்டுக்கொள்ளுங்கள். விரல் துண்டாகிவிட்டால் அதை நேரடியாக ஐஸில் போடக் கூடாது. ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ்மேல் வைத்து ஆளோடு சேர்த்து அனுப்புங்கள்.