துயிலும் இல்லத்தின் மீது எழுந்த கட்டடம்

பழைமையான ஊரொன்றில் புதிய கட்டடம் எழும்போது மக்கள் முறையிடுவதற்கு வழக்கமான காரணங்கள் சில உண்டு. உயரம் கூடிவிட்டது என்பார்கள். வீதி ஒடுங்கிவிட்டது என்பார்கள். ஊரின் முகம் மாறிவிட்டது என்பார்கள். கோப்பாயில் 2011ஆம் ஆண்டு மார்ச் 4ஆம் திகதி திறந்துவைக்கப்பட்ட கட்டடத் தொகுதி பற்றி எழுந்த மனக்குறை இவற்றுள் எதிலும் அடங்காது. அது இலங்கை இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவின் தலைமையகம். படையினர் தங்கிப் பணியாற்றும் அத்தொகுதி எழுந்த நிலம், ஓராண்டுக்கு முன்புவரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளைக் கொண்டிருந்த மயானம்.

கோப்பாயின் மண்ணுக்கு இத்தகைய மாற்றங்கள் புதியவை என்று சொல்வதற்கில்லை. 1560இல் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா யாழ்ப்பாண இராச்சியத்தின் மீது படையெடுத்து நல்லூரைப் பிடித்தபோது, சங்கிலி மன்னன் பின்வாங்கிச் சென்றது கோப்பாய்க் கோட்டைக்கு என்று போர்த்துக்கேய வரலாற்றாசிரியர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டையின் மதில்களை இன்று யாரும் காண முடியாது. ஒரு காலத்தவர் கட்டியதை அடுத்த காலத்தவர் அழித்துவிட்டுத் தமக்கு வேண்டியதைக் கட்டுவது இக்குடாநாட்டின் நெடுங்கதை. ஆனால் கோட்டையை இழந்தவன் அரசன். அவன் போனதும் அதைத் தேடி அழுவார் இல்லை. கல்லறைகளை இழந்தவர்களோ அதே ஊரிலும் அயலூர்களிலும் உயிருடன் இருக்கும் தாய் தகப்பன்மார்.

யாழ்ப்பாணத்துச் சைவர்களின் வழக்கம் இறந்தவர்களைத் தகனம் செய்வது. சாம்பலைக் கடலில் கரைத்து, முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி முடித்துவிட்டால் இறந்தவருக்கென நிலத்தில் ஓர் இடம் எஞ்சுவதில்லை. 1990களின் தொடக்கத்தில் விடுதலைப் புலிகள் இயக்கம் தனது உறுப்பினர்களின் உடல்களைத் தகனம் செய்வதைக் கைவிட்டு அடக்கம் செய்யத் தொடங்கியபோது, அது வழக்கத்தை மீறிய செயலாகவே முதலில் தோன்றியது. 'புதைத்தல்' என்ற சொல்லைத் தவிர்த்து 'விதைத்தல்' என்றார்கள். மயானம் என்ற பெயரை விட்டுத் 'துயிலும் இல்லம்' என்று பெயரிட்டார்கள். உடல் கிடைத்தவர்களுக்குக் கல்லறை, கிடைக்காதவர்களுக்கு நினைவுக்கல் என இரு வகை அமைத்தார்கள். போரில் மடிந்தவனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என ஆறு படிநிலைகளாகப் பேசுகிறது. நெடுங்காலம் மறந்திருந்த அந்த மரபு இவ்வாறு வேறு வடிவில் திரும்பி வந்தது.

கோப்பாய்த் துயிலும் இல்லத்தின் வாழ்வு இருமுறை முறிந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாம மக்கள் கூட்டம் கூட்டமாகத் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தனர். அவ்வாண்டின் இறுதிக்குள் யாழ்ப்பாண நகரும் கோப்பாயும் இராணுவத்தின் வசமாயின. அதன்பின் கல்லறைகள் தகர்க்கப்பட்டன. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பிறகு அதே நிலத்தில் அவை மீண்டும் கட்டப்பட்டன. உடைந்த பழைய கல்லறைத் துண்டுகள் சிலவற்றை அங்கேயே காட்சிக்கும் வைத்தார்கள். 2009 மே மாதம் போர் முடிந்தது. மறு ஆண்டு மீண்டும் இடிப்பு. இம்முறை நிலத்தை வெறுமையாக விடவில்லை, தலைமையகம் எழுந்தது.

இதில் கவனிக்கத்தக்க ஒரு முரண் உண்டு. இந்தப் படைப்பிரிவு அதற்குமுன் யாழ்ப்பாண நகரின் மையத்தில், தனியாருக்குச் சொந்தமான விடுதிக் கட்டடத்தில் பல ஆண்டுகள் நிலைகொண்டிருந்தது. அதைவிட்டு அகன்றது நகரவாசிகள் வரவேற்ற செயல். உயிருள்ளோரின் கட்டடத்தைத் திருப்பிக் கொடுத்த கை, இறந்தோரின் இல்லத்தை எடுத்துக்கொண்டது.

அரச தரப்பின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். துயிலும் இல்லங்கள் வெறும் மயானங்களாக இருந்ததில்லை. ஆயுத இயக்கம் ஒன்றின் அரசியல் மேடைகளாகவும் இருந்தன. 1989 முதல் நவம்பர் 27ஆம் திகதி கடைப்பிடிக்கப்பட்ட மாவீரர் நாள், துயரத்தின் நாளாக இருந்தது போலவே ஆட்சேர்ப்புக்கு உரமூட்டிய நாளாகவும் இருந்தது. அங்கே கிடந்தவர்களில் பதினெட்டு வயது நிரம்பாதவர்களும் உண்டு. அதே இயக்கத்தால் கொல்லப்பட்ட தமிழர்களுக்கு அப்படியொரு கல் கிடைக்கவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் தம் முன்னோரின் மையவாடிகளைப் பிரிந்து போனார்கள். தம்முடையோரின் கல்லறைக்காக வாதிடும் நாம் இவற்றையும் மறக்கலாகாது.

ஆனால் இவை அனைத்தையும் ஏற்றுக்கொண்ட பின்னரும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. இயக்கம் தோற்றது, அதன் மேடை போயிற்று. மேடைக்கு அடியில் கிடந்த பிள்ளையின் எலும்பை என்ன செய்வது? போரில் இறந்தோரை மதிப்புடன் அடக்கம் செய்யவேண்டும், அவர்களது புதைகுழிகளை மதித்துப் பராமரிக்கவேண்டும் என்பது நாடுகள் பொதுவாக ஏற்றுக்கொண்ட போர்வழக்கு. பிரான்சின் நோர்மண்டியில் லா காம்ப் என்ற இடத்தில் 21,000க்கும் மேற்பட்ட ஜெர்மானியப் படையினரின் கல்லறைகள் பேணப்படுகின்றன. ஆக்கிரமித்தவர்களின் கல்லறைகளை ஆக்கிரமிக்கப்பட்ட மண்ணே வைத்திருக்கிறது. இலங்கையும் இதை அறியாத நாடு அன்று. திருகோணமலையில் பிரித்தானியப் பேரரசின் படையினருக்கான போர்க்கல்லறைகள் பேணப்படுகின்றன. 1987 முதல் 1990 வரை இங்கிருந்த இந்திய அமைதிப் படையின் இறந்த வீரர்களுக்குப் பலாலியில் நினைவுத்தூபி உண்டு. அந்நியருக்குக் கிடைத்த மரியாதை, இந்நாட்டின் அடையாள அட்டையோடு பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை.

எல்லாளன் கதையை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. போரில் வீழ்ந்த எதிரிக்குத் துட்டகைமுனு மன்னன் ஈமக்கிரியை செய்து, நினைவுச்சின்னம் எழுப்பி, வழிபாடும் ஏற்படுத்தினான் என்கிறது மகாவம்சம். பின்வந்த அரசர்கள்கூட அவ்விடத்தைக் கடக்கும்போது வாத்தியங்களை நிறுத்தினார்களாம். அநுராதபுரத்தில் நெடுங்காலம் எல்லாளன் சமாதி என அழைக்கப்பட்ட மேட்டை, கடந்த நூற்றாண்டில் தொல்லியலாளர் வேறு பெயரில் அடையாளங்கண்டனர். மேட்டின் பெயர் எதுவாயினும், வென்றவன் தலைவணங்கிய கதை அந்த நூலிலிருந்து அழிந்துவிடவில்லை.

கட்டடம் எழுந்தபோது கோப்பாயில் பேரணி நடக்கவில்லை. 2011இன் யாழ்ப்பாணத்தில் அது சாத்தியமும் இல்லை. சனங்கள் பேசாமல் இருந்தார்கள். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எளிது. 2015இன் ஆட்சிமாற்றத்துக்குப் பின் நிலைமை சற்றே இளகியது. நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றி மக்களின் கருத்தறிய 2016இல் அமைக்கப்பட்ட செயலணியின் முன், வடக்கு மக்கள் துயிலும் இல்லக் காணிகளை விடுவிக்கக் கோரினார்கள். அவ்வாண்டு நவம்பரில் கிளிநொச்சி கனகபுரம் உள்ளிட்ட இடங்களில் பற்றைகளை வெட்டித் துப்புரவாக்கி, உடைந்த கற்களை ஒன்றுசேர்த்து விளக்கேற்றினார்கள். கோப்பாயில் ஏற்ற இடமில்லை. ஆகவே உறவினர்கள் தலைமையகத்துக்கு வெளியே, வீதியோரமாக நின்று சுடர் ஏற்றத் தொடங்கினார்கள்.

ஊரின் எதிர்வினை என்று வரலாறு குறித்துவைக்க வேண்டியது இதைத்தான். 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டபோது எழுந்த கொந்தளிப்பில், மூன்றே நாட்களில் மீள்கட்டுமானத்துக்கு அடிக்கல் நடப்பட்டது. கோப்பாயின் முதிய பெற்றோருக்கு அந்த மாணவர் பலம் இல்லை. அவர்கள் கேட்பதும் தூபி அன்று. தம் பிள்ளை எந்த இடத்தில் கிடக்கிறது என்று தெரிந்து, ஆண்டுக்கு ஒருமுறை அங்கே ஒரு விளக்கு வைக்க வேண்டும். அவ்வளவே.

தலைமையகங்கள் இடம் மாறக்கூடியவை. 51ஆவது படைப்பிரிவே ஒருமுறை இடம் மாறித்தான் கோப்பாய்க்கு வந்தது. அதற்கு வேறு காணி தேடுவது ஓர் அரசுக்குப் பெரிய காரியமும் இல்லை. இழுத்தடிக்க நேரம்தான் அதிகமில்லை. 1990களில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு இப்போது வயது எழுபதும் எண்பதும். விளக்கேற்றும் கைகள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டு வருகின்றன.