கல்வெட்டும் காகித நெகட்டிவும்: 1858இன் தஞ்சாவூர்

பழைய ஒளிப்படங்களைக் கொண்டு ஒரு நகரத்தைக் காட்சிக்கு வைக்க முனைபவருக்குக் கிடைப்பது, படமெடுத்தவரும் அவருக்குச் சம்பளம் கொடுத்த அரசும் விட்டுவைத்த நகரம் மட்டுமே. தஞ்சாவூரைப் பொறுத்தவரை அந்த முதல் தேர்வு 1858ஆம் ஆண்டில், கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்னும் சென்னைப் படை அதிகாரியின் கையால் நிகழ்ந்தது. பழங்கட்டடங்களை ஓவியர்களைக் கொண்டு வரைவிப்பதைவிட ஒளிப்படமாக எடுப்பதே சிக்கனமும் துல்லியமும் ஆகும் என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் 1855இல் அறிவுறுத்தியதைத் தொடர்ந்து, அடுத்த ஆண்டே சென்னை மாகாணத்தின் ஒளிப்படக் கலைஞராக நியமனம் பெற்ற டிரைப், 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டு, திருச்சிராப்பள்ளி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகிய ஊர்களைப் படமாக்கினார்.

அவர் கையாண்டது மெழுகூட்டிய காகித நெகட்டிவ் முறை. மெல்லிய காகிதத்தை உருக்கிய மெழுகில் தோய்த்து, பின்னர் வெள்ளி உப்புகளால் ஒளியுணர்வு ஏற்றி, பெட்டிக் கேமராவில் வைத்துப் பதிவு செய்யும் இம்முறையில், தாளை முன்கூட்டியே தயாரித்து வைத்துக்கொள்ளவும் பதிவு செய்த பிறகு ஆற அமர உருத்துலக்கவும் முடிந்ததால், கண்ணாடித் தகடுகளைச் சுமந்து திரிவது கடினமான நெடும்பயணத்துக்கு அது ஏற்றதாயிருந்தது. ஆனால் ஒரு பதிவுக்குப் பல நிமிடங்கள் பிடிக்கும். அந்நேரத்தில் நடந்து போன எவரும் தாளில் நிலைக்க மாட்டார். வானம் வெறும் வெள்ளையாகவும் மரங்கள் கருந்திட்டுகளாகவும் விழுந்தமையால், நெகட்டிவின் மேலேயே தூரிகை கொண்டு மேகங்களையும் இலைகளையும் டிரைப் தீட்டிச் சேர்த்தார். பார்வையாளர் வியக்கும் 1858இன் தஞ்சை வானத்தில் ஒரு பகுதி அவர் வரைந்தது.

டிரைப்பின் தஞ்சைப் படத் தொகுப்பின் உச்சம் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைக் காட்டும் நீள்படம். இருபத்தொரு அச்சுகளை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு அமைக்கப்பட்ட இது, மூலை திரும்பிச் செல்லும் கல் வரிகளைத் தட்டையான ஒரே பட்டையாக விரித்துக் காட்டுகிறது. கோயிலைக் கரிகாலன் கட்டியதாகத் தலபுராணம் சொல்லிவந்த காலம் அது. முதலாம் இராசராசனே அதை எடுப்பித்தவன் என்பதும், அவனும் அவன் தமக்கை குந்தவையும் தேவியரும் பிறரும் அளித்த கொடைகளை விமானக் கல்லில் வெட்டுமாறு அவன் பணித்தான் என்பதும், 1886இல் சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்ற இ. ஹுல்ட்ஷ் அவ்வரிகளைப் படித்து 1891 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியாக வெளியிட்ட பிறகே உலகுக்குத் திட்டமாகத் தெரிந்தன. தாம் வாசிக்க இயலாத எழுத்தை இவ்வளவு பொறுமையுடன் படம் பிடித்த இன்னொரு முயற்சியை அக்கால இந்திய ஒளிப்பட வரலாற்றில் எளிதில் காட்டிவிட முடியாது.

டிரைப் படமெடுத்த அதே 1858இல் நகரம் வேறொரு நெருக்கடியில் இருந்தது. கடைசி மராட்டிய அரசர் இரண்டாம் சிவாஜி 1855 அக்டோபரில் ஆண் வாரிசின்றி மறைய, கம்பெனி அரசு அரண்மனையையும் உடைமைகளையும் கைப்பற்றியது. அரசி காமாட்சி பாய் தொடுத்த வழக்கு லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்று 1859இல் அரசுக்குச் சார்பாக முடிந்தது. டிரைப்பின் தொகுதியில் அரண்மனையும் உண்டு; வழக்கின் சுவடு அதில் இல்லை. விளக்கக் குறிப்பு எழுதுபவர் இதைச் சொல்லாவிட்டால், ஆளற்ற அந்த முற்றங்கள் வெறும் கட்டடக்கலை அழகாகவே நின்றுவிடும்.

1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவிலியன், அரசின் நிதி நிலைக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று கருதி டிரைப்பின் பணியை நிறுத்தினார். படங்கள் பிரிட்டிஷ் நூலகம், விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் உள்ளிட்ட சேகரிப்புகளில் தங்கின. அவற்றைத் திரட்டிய பெருங்கண்காட்சி 2014 செப்டம்பரில் வாஷிங்டனின் தேசிய ஓவியக் கூடத்தில் தொடங்கி, 2015இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் பின்னர் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் நடந்தது. இத்தகைய அச்சுகள் ஒளிபட்டால் வெளிறுபவை என்பதால், 50 லக்ஸ் அளவுக்கு மங்கிய வெளிச்சத்தில் சில மாதங்கள் மட்டும் வைத்து, மறுபடி இருட்டறைக்கு அனுப்புவதே காப்பக வழக்கம். காவிரிக்கரைக்கு இவை வந்து சேர்வதற்கான தடைகளுள் இதுவும் ஒன்றாகலாம்.

படங்களில் இல்லாத மனிதர்களை வேறு தொகுப்புகளில் தேட வேண்டியிருக்கிறது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணத் திட்டத்தின் உதவியுடன், தமிழகத்துப் பழைய ஸ்டூடியோக்களின் படங்களைத் திரட்டி எண்ணிமமாக்கியது. அங்கே முகங்கள் உண்டு, ஆனால் பின்னால் இருப்பது பெரும்பாலும் தீட்டிய திரைச்சீலை. தெருவும் ஆளும் ஒருசேரக் கிடைக்கும் சான்று தஞ்சையில் ஒளிப்படத்துக்கு எட்டு நூற்றாண்டு முந்தியது: கோயில் சுற்றுமதிலின் வடபுற வெளிமுகத்தில் உள்ள கல்வெட்டு, திருவாரூர், திருவையாறு, பழையாறு முதலிய ஊர்க் கோயில்களிலிருந்து அழைத்துவந்து குடியமர்த்திய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளை, அதாவது கோயில் பணிக்குரிய ஆடல் மகளிரை, தெரு, சிறகு எனப்படும் வீட்டு வரிசை, அதில் எத்தனையாம் வீடு என்ற அடைவில் பெயர் சொல்லிக் குறித்து, பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று வகுக்கிறது. டிரைப்பின் நீள்படம் விமானத்தோடு நின்றுவிட்டதால் அந்த மதில் அதற்கு வெளியே போயிற்று. இப்படங்களின் நகல்களைக் கொண்டு தஞ்சையிலேயே ஒரு காட்சி அமையுமானால், 19 அடிப் பட்டைக்கு எதிர்ச்சுவரில் அந்தப் பெயர்ப்பட்டியலை முழுமையாக அச்சிட்டு மாட்டுவது பொருத்தமாக இருக்கும்.