உயிரோடு புதைக்கப்படும் அச்சம்

உயிர் பிரியும் முன்பே தம்மை இறந்தவராகக் கருதிப் புதைத்துவிடுவார்கள் என்ற பயம். கல்லறை, அச்சம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களை இணைத்து இதை ‘டாஃபோஃபோபியா’ என்பர். 18, 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் இது தனிமனிதப் பிரமையாக நில்லாமல் ஊர்ப்பயமாகவே பரவியிருந்தது. காரணம் இல்லாமலும் இல்லை. ஸ்டெதஸ்கோப் 1816இல்தான் வந்தது. அதற்கு முன் மூக்கருகே கண்ணாடியோ இறகோ பிடித்துப் பார்ப்பதே பெரிய சோதனை. காலரா காலத்து அவசர அடக்கங்கள் பீதியை மேலும் கிளப்பின.

உடல் அழுகத் தொடங்குவதே மரணத்தின் ஐயமற்ற அடையாளம் என்றார் ஜெர்மானிய மருத்துவர் ஹூஃப்லாண்ட். அவர் முயற்சியால் 1790களில் வைமார் நகரில் பிணங்களைக் காத்திருக்க வைக்கும் இல்லம் எழுந்தது. பிற ஜெர்மானிய நகரங்களும் பின்பற்றின. மியூனிக் இல்லத்தில் பிணத்தின் விரலில் கட்டிய கயிறு மணியோடு இணைந்திருக்கும். அசைந்தால் காவலர் ஓடிவர வேண்டும். அழுகும் உடல் உப்பினாலும் மணி அடிக்கும் என்பதுதான் சிக்கல். அந்தக் காவலரின் இரவுகளை நினைத்துப் பார்க்கலாம்.

ஜார்ஜ் வாஷிங்டன் 1799இல் மரணப் படுக்கையில், இறந்து மூன்று நாள் ஆகும் முன் தன்னைக் கல்லறையில் வைக்கக் கூடாது என்றார். ஆல்ஃபிரட் நோபல் தம் 1895ஆம் ஆண்டு உயிலில், இறந்தபின் இரத்த நாளங்களை வெட்டித் திறந்து, மருத்துவர்கள் மரணத்தை உறுதிசெய்த பிறகே எரிக்கச் சொன்னார். நோபல் பரிசுகளை நிறுவியதும் இதே உயில்தான். கார்னிஸ்-கார்னிக்கி என்பவர் 1897இல் உருவாக்கிய கருவியில், சவப்பெட்டிக்குள் மார்பு அசைந்தால் மேலே கொடி எழும், மணி ஒலிக்கும், காற்றுக்குழாய் திறக்கும்.

பதப்படுத்தலும் எரியூட்டலும் பெருகியபின் மேலைநாடுகளில் இப்பயம் மங்கியது.